கணித விரிவுரையில் செயற்கை நுண்ணறிவு: மட்டக்களப்பு, அம்பாறைப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ முதலாம் வருடக் கணித வகுப்புக்குள் நுழையும் மாணவர்களில் பெரும்பாலோர் உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தாய்மொழியில் கற்றவர்கள். தொகையீடும் நிலையியலும் அவர்களுக்குக் கைப்பழக்கம். பல்கலைக்கழகம் வந்த முதல் வாரத்திலேயே அவர்கள்மீது இரண்டு சுமைகள் ஏறுகின்றன. பாடம் முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. ‘காண்க’ என்று கேட்டுவந்த வினாத்தாள் ‘நிறுவுக’ என்று கேட்கத் தொடங்குகிறது. இரண்டாவது சுமையே அதிகம் அழுத்துவது. எப்சிலன், டெல்தா என்று தொடங்கும் முதல் நிறுவலின் முன் மாணவர் திகைத்து நிற்கும்போது, கைப்பேசியில் இருக்கும் சாட்ஜிபிடியோ ஜெமினியோ சில நொடிகளில் முழு விடையையும் எழுதிக் கொடுத்துவிடுகிறது.

இதைத் தடுக்க முடியுமா என்று விவாதிப்பதில் காலத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. வகுப்பில் அதற்கு எந்த வேலையைக் கொடுப்பது என்று ஆசிரியர் தீர்மானிக்க வேண்டும். நிறுவலை எழுதும் வேலை மாணவரிடமே இருக்கட்டும். எழுதப்பட்ட நிறுவலை வாசித்து, சந்தேகித்து, ஓட்டை இருக்கும் வரியைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு இயந்திரத்தைக் கொண்டுவருவோம். கீழுள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு தீர்மானத்திலிருந்து வருபவை. விரிவுரையாளர்களுக்கும், பயிற்சி வகுப்புகளை நடத்தும் உதவி விரிவுரையாளர்களுக்கும் இவை பயன்படும்.

படி 1: கருவிகளைப் பிரித்தறிந்துகொள்ளுங்கள்

‘செயற்கை நுண்ணறிவு’ என்ற ஒரே பெயரில் பேசினாலும் நம் கையில் இருப்பவை வேறுபட்ட கருவிகள். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் ஆகியவை மொழி மாதிரிகள். இதுவரை எழுதப்பட்டதைப் பார்த்து, அடுத்து வரத்தக்க சொற்துண்டை ஊகித்து எழுதுவதே அவற்றின் அடிப்படைச் செயல். மாக்சிமா, சேஜ், பைதானின் சிம்பை நூலகம் போன்றவை குறியீட்டுக் கணிப்பு மென்பொருள்கள். இவை அட்சரகணித விதிகளின்படி கணிப்பவை, ஊகிப்பதில்லை. லீன் போன்றவை நிறுவல் சரிபார்ப்பிகள். தர்க்கத்தின் ஒவ்வோர் அடியும் விதிக்கு உட்பட்டதா என்று பரிசோதித்து, உட்படாவிட்டால் ஏற்க மறுப்பவை.

மொழி மாதிரிகளைக் கணிதத்தில் பலவீனமானவை என்று இன்று எண்ணுவது தவறு. 2024 சர்வதேசக் கணித ஒலிம்பியாட் வினாக்களில் கூகுள் டீப்மைண்டின் இரண்டு முறைமைகள் சேர்ந்து 42-க்கு 28 புள்ளிகள் பெற்று வெள்ளிப் பதக்கத் தரத்தை எட்டின. அவற்றுள் ஒன்று லீன் மொழியிலேயே நிறுவல்களை எழுதியது. 2025-இல் அதே நிறுவனத்தின் ஜெமினி மாதிரியொன்று சாதாரண மொழியில் எழுதி 35 புள்ளிகளுடன் தங்கப் பதக்கத் தரத்தை அடைந்தது. ஆகவே முதலாம் வருட ஒப்படை வினாக்கள் இவற்றுக்குக் கடினமாக இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

ஆனாலும் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரிகள் இன்னும் பிழை விடுகின்றன. ஒரு நிபந்தனையைச் சத்தமில்லாமல் கைவிடும். இல்லாத தேற்றத்தை இருப்பதாகச் சொல்லும். ‘இது தெளிவு’ என்று எழுதி, நிறுவலின் உயிரான அடியைத் தாண்டிப் போய்விடும். சரியான நிறுவலும் தவறான நிறுவலும் ஒரே நம்பிக்கையான நடையில் வருவதால் முதலாம் வருட மாணவரால் இரண்டையும் வேறுபடுத்த முடிவதில்லை. அந்த வேறுபாட்டைக் காணும் கண்ணை மாணவருக்குத் தருவதே இனி நம் முதன்மையான வேலை.

படி 2: உங்கள் பயிற்சித் தாள்களை நீங்களே கொடுத்துப் பாருங்கள்

செமஸ்டர் தொடங்குமுன், இலவசக் கணக்கொன்றில் உங்கள் பாடநெறியின் பயிற்சித் தாள்கள் அனைத்தையும் கொடுத்து விடைகளை வாங்குங்கள். கட்டணக் கணக்கு வேண்டாம். மாணவர் பயன்படுத்துவதையே நீங்களும் பார்க்க வேண்டும். பிறகு விடைகளை மூன்றாகப் பிரியுங்கள். குறையின்றி வந்தவை ஒரு கட்டு. முடிவு சரி, இடையில் ஓர் அடி காணாமற்போனவை இன்னொரு கட்டு. முற்றாகத் தவறானவை கடைசிக் கட்டு.

முதற்கட்டில் உள்ள வினாக்களை வீட்டு ஒப்படையாகக் கொடுத்துப் புள்ளியிடுவதை நிறுத்திவிடலாம். பயிற்சிக்காக அவை இருக்கட்டும். இரண்டாவது கட்டுத்தான் புதையல். 6-ஆம் படிக்கான மூலப்பொருள் முழுவதும் அங்கே கிடைக்கும்.

படி 3: விதியை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்

‘அனுமதி உண்டு’, ‘அனுமதி இல்லை’ என்ற ஒற்றை விதி போதாது. ஒவ்வொரு வேலைக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். வரைவிலக்கணத்தை விளக்கச் சொல்லிக் கேட்கலாம். முதல் முயற்சியைத் தாளில் எழுதுமுன் கேட்கக் கூடாது. எழுதிய பின் அதிலுள்ள குறையைக் காட்டச் சொல்லலாம். ஒப்படையில் இயந்திரத்தின் உதவி பெற்ற இடத்தை மாணவர் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். அந்த ஒப்புதலுக்காகப் புள்ளி குறைக்கப்படமாட்டாது என்பதையும் விதியிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒருவரும் எழுதமாட்டார்கள்.

‘முதலில் தாளில் எழுது’ என்ற விதிக்கு வலுவான காரணம் உண்டு. துருக்கியில் உயர்நிலைப் பாடசாலை மாணவர் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்வொன்றில், ஜிபிடி-4 கையில் இருந்தபோது பயிற்சிக் கணக்குகளில் அவர்களுடைய பெறுபேறு 48 சதவீதம் உயர்ந்தது. கருவியை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, அதைத் தொட்டேயிராத மாணவர்களைவிட அவர்கள் 17 சதவீதம் குறைவாகச் செய்தார்கள். விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் தரும்படி அமைக்கப்பட்ட வடிவத்தைப் பயன்படுத்தியோரிடம் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் காணப்படவில்லை. இந்த முடிவை மாணவர்களுக்கே சொல்லுங்கள். அவர்கள் பெரியவர்கள், காரணம் தெரிந்தால் விதியை மதிப்பார்கள்.

இயந்திரம் எழுதியதைக் கண்டறிவதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பி எவர்மீதும் குற்றம் சுமத்தாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டில் வெளிவந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வொன்று, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தாமே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியதாகக் காட்டின என்று கண்டது. நம் மாணவர்கள் எல்லோரும் அந்த வகையினர். கொக்கட்டிச்சோலையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ வந்து, எளிய ஆங்கிலத்தில் கவனமாக எழுதும் ஒரு மாணவியை மென்பொருளின் சொல்லை வைத்து விசாரிப்பது பெரிய அநியாயம்.

படி 4: மொழியைச் சரிசெய்யுங்கள்

செயற்கை நுண்ணறிவு நம் மாணவருக்கு உண்மையாகவே கைகொடுக்கக்கூடிய இடம் இது. ஆங்கிலத்தில் உள்ள வரைவிலக்கணத்தைத் தமிழில் விளக்கச் சொல்லி, பிறகு ஆங்கில மூலத்துக்குத் திரும்ப முடிகிறது. நள்ளிரவிலும் கேட்கலாம், கூச்சமின்றிக் கேட்கலாம்.

ஒரு தடை உண்டு. இயந்திரம் எழுதும் தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடநூல்களின் கலைச்சொற்களையே எடுத்தாளுகிறது. நம் மாணவர் தொடை, தாயம், துணிகோவை, காவி, அட்சரகணிதம் என்று படித்துவிட்டு வந்திருக்க, அது கணம், அணி, அணிக்கோவை, வெக்டர், இயற்கணிதம் என்று எழுதும். தெரிந்த பொருளே தெரியாததாகத் தோன்றிவிடும். ஆகவே உங்கள் பாடநெறிக்குத் தேவையான சொற்களை ஆங்கிலச் சொல்லும் இலங்கைப் பாடநூற் சொல்லுமாக ஒரே பக்கத்தில் தொகுத்து மாணவருக்குக் கொடுங்கள். உரையாடலைத் தொடங்கும்போதே அதை ஒட்டிவிட்டு, ‘இந்தச் சொற்களையே பயன்படுத்து’ என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது கேட்டு நடக்கும்.

விளக்கம் தமிழில் இருக்கலாம்; நிறுவலை மாணவர் ஆங்கிலத்திலேயே எழுதிப் பழக வேண்டும், பரீட்சை அந்த மொழியில்தானே. ஒரே எழுத்தளவுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் அதிகச் சொற்துண்டுகளாக உடைபடுவதால், இலவசக் கணக்கின் வரம்பு தமிழில் விரைவாகத் தீர்ந்துபோகக்கூடும். நீண்ட கேள்விகளைத் துண்டுதுண்டாகக் கேட்பது நல்லது.

படி 5: துப்பு மட்டும் தரும் ஆசிரியராக அதை மாற்றுங்கள்

மாணவர் வெறுமனே வினாவை ஒட்டினால் முழு விடை வந்து விழும். அதைத் தடுக்க, கீழ்க்காணும் அறிவுறுத்தலை முதலில் ஒட்டப் பழக்குங்கள். உங்கள் பாடநெறிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

“நான் இலங்கைப் பல்கலைக்கழகமொன்றில் முதலாம் வருடத்தில் மெய்ப் பகுப்பாய்வு கற்கிறேன். கீழே வினாவும் என் முயற்சியும் உள்ளன. முழு நிறுவலைத் தர வேண்டாம். என் முயற்சியில் நியாயப்படுத்தப்படாத முதல் வரி எது என்று மட்டும் காட்டவும். அந்த வரியைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்கவும். நான் பதில் சொன்ன பிறகே அடுத்த வரிக்குப் போகவும். நான் பயன்படுத்தக்கூடிய தேற்றங்கள் இவை மட்டுமே.” இதன் கீழே, அந்த வாரம் வரை வகுப்பில் நிறுவிய தேற்றங்களின் பட்டியல் வர வேண்டும்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மூன்றாம் வருடத்துத் தேற்றமொன்றைக் கொண்டுவந்து முதலாம் வருட வினாவை இரண்டு வரியில் முடித்துவிடும். சில வேளைகளில் நிறுவ வேண்டியதையே வேறு பெயரில் எடுகோளாக்கிவிடும்.

படி 6: பிழை தேடும் வகுப்பு

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள்.

இதற்கு வகுப்பில் இணையம் தேவையில்லை. இயந்திரத்தின் விடையை முன்கூட்டியே அச்சிட்டு, நான்கு பேருக்கு ஒரு பிரதி கொடுத்தால் போதும். யாரிடம் விலையுயர்ந்த கைப்பேசி, யாரிடம் கட்டணக் கணக்கு, யாருக்கு டேட்டா முடிந்துவிட்டது என்ற ஏற்றத்தாழ்வுகள் அந்த ஒரு மணி நேரத்துக்கு இல்லாமற்போகின்றன.

எடுத்துக்காட்டாக, சீரான ஒருங்கலை, அதாவது எல்லாப் புள்ளிகளிலும் ஒரே சீராக எல்லையை நெருங்குவதை, கற்பிக்கும் வாரத்தை எடுங்கள். பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 1821-இல், தொடர்ச்சியான சார்புகளை உறுப்புகளாகக் கொண்ட ஒருங்கும் தொடரின் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று ஒரு தேற்றத்தை நிறுவலுடன் வெளியிட்டார். 1826-இல் நோர்வேயின் ஆபெல், அதற்கு விதிவிலக்கான தொடரொன்றைச் சுட்டிக்காட்டினார். அக்காலத்தின் மிகச் சிறந்த பகுப்பாய்வாளர் ஒருவரின் நிறுவலிலேயே ஓட்டை இருந்தது என்பது முதலாம் வருட மாணவருக்குப் பெரும் ஆறுதல். நானும் தேடலாம் என்ற துணிவை அது கொடுக்கிறது.

இயந்திரத்திடம் இப்படிக் கேளுங்கள்: “தொடர்ச்சியான சார்புகளின் தொடரி ஒவ்வொரு புள்ளியிலும் ஒருங்கினால், எல்லைச் சார்பும் தொடர்ச்சியானது என்ற தவறான கூற்றுக்கு, மாணவர் நம்பக்கூடிய ஒரு நிறுவலை எழுதவும். பிழை ஒரே ஒரு வரியில் மட்டும் இருக்கட்டும்.” வரும் விடையை நீங்கள் முதலில் வாசித்துச் செப்பனிட்டு அச்சிடுங்கள்.

வகுப்பில் முதல் பத்து நிமிடங்கள் மௌனம். ஒவ்வொருவரும் தனியாக வாசித்து, தமக்கு ஐயமுள்ள வரியின் எண்ணை எழுத வேண்டும். பேச்சைத் தொடங்கிவிட்டால் கெட்டிக்காரர் ஒருவர் சொல்வதை மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். எனவே இந்த மௌனத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிறகு இருபது நிமிடம் குழுவாக விவாதிக்கட்டும். வரி எண்களைப் பலகையில் எழுதினால் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகளில் வகுப்பு பிளவுபட்டிருக்கும். அப்போது விடையைச் சொல்லாதீர்கள். ஓர் எதிர் உதாரணத்தைக் கொடுங்கள்: 0 முதல் 1 வரையான ஆயிடையில் மாறியின் முதலாம் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று செல்லும் சார்புகள். ஒவ்வொன்றும் தொடர்ச்சியானது. எல்லைச் சார்போ 1-க்கு முன் எங்கும் 0. 1-இல் மட்டும் 1. இந்த உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அச்சிட்ட நிறுவலை வரிவரியாக நடந்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியும் இந்த உதாரணத்துக்கு உண்மையா? எந்த வரியில் முதன்முதலில் பொய்யாகிறது?

பெரும்பாலும் மாணவர் வந்து சேரும் இடம் ஒன்றே. ஒரு புள்ளிக்காகத் தேர்ந்த சுட்டெண்ணை, பக்கத்துப் புள்ளிகளுக்கும் அதே சுட்டெண் போதும் என்று நிறுவல் எடுத்துக்கொள்கிறது. 1-ஐ நெருங்க நெருங்கத் தேவையான சுட்டெண் எல்லையின்றி வளர்கிறது என்பதை அவர்களே கணித்துக் காண்பார்கள். சீரான ஒருங்கலின் வரைவிலக்கணத்தில் வரும் ‘எல்லாப் புள்ளிகளுக்கும்’ என்ற சொல் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று அதன் பிறகு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் திருத்திய கூற்றையும் நிறுவலையும் தாளில் எழுதித் தரட்டும். புள்ளி அதற்கே.

இதே முறைக்கு வேறு இரண்டு நல்ல பொருள்கள் சொல்கிறேன். 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற தொடரின் உறுப்புகள் 0-ஐ நாடுவதால் அது ஒருங்கும் என்ற தவறான வாதம், பகுப்பாய்வின் முதல் மாதத்துக்கு ஏற்றது. கூட்டக் கொள்கைக்கு, லக்ராஞ்சியின் தேற்றத்தின் மறுதலை: கூட்டத்தின் வரிசையை (உறுப்புகளின் எண்ணிக்கையை) வகுக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் அந்த வரிசையுடைய உபகூட்டம் உண்டு என்ற பொய்க்கூற்று. நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் 12 உறுப்புள்ள கூட்டம். அதில் 6 உறுப்புள்ள உபகூட்டம் இல்லை. இதை மாணவர் கையால் தேடிப் பார்க்கலாம்.

படி 7: கணித்தும் வரைந்தும் சரிபார்க்கப் பழக்குங்கள்

பிரயோக கணிதத்தில் சரிபார்ப்பு வேறு வகையானது: அலகுகள், எல்லை நிலைகள், எண் மதிப்பீடு. இதற்கு நம் கரையோரத்திலிருந்தே ஒரு வினா.

ஆழத்தைவிட அலைநீளம் மிகப் பெரிதான அலை ஒன்றின் வேகம், புவியீர்ப்பு ஆர்முடுகலையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். 4000 மீற்றர் ஆழத்தில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 198 மீற்றர். மணிக்கு 700 கிலோமீற்றருக்குச் சற்று மேல். 10 மீற்றர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீற்றர். இப்போது, கடலின் ஆழம் 100 கிலோமீற்றர் தூரத்தில் 4000 மீற்றரிலிருந்து 0 வரை நேர்கோடாகக் குறைவதாக எடுங்கள். அலை கரையை அடைய எவ்வளவு நேரம்?

கரையில் ஆழம் 0, ஆகவே வேகமும் 0. அப்படியானால் அலை கரையை அடையவே மாட்டாதா? வேகத்தின் தலைகீழைத் தூரத்தின்மீது தொகையிட்டால் நேரம் கிடைக்கும். அந்தத் தொகையீட்டுச் சார்பு கரையில் முடிவிலியாகிறது. ஆனால் தொகையீடு ஒருங்குகிறது. விடை ஏறத்தாழ 17 நிமிடம். அடுத்த கேள்வி: வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்துக்குப் பதிலாக ஆழத்துக்கே நேர்விகித சமமாக இருந்திருந்தால்? அப்போது தொகையீடு விரிகிறது. இயந்திரத்திடம் இரண்டையும் கேட்டு, விடைகளைச் சிம்பையில் கணித்து, ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளில் வளையிகளை வரைந்து, பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கரைக்கு மிக அருகே இந்த மாதிரியே செல்லுபடியாகாது என்ற குறிப்பை இயந்திரம் தானாகத் தருகிறதா என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் உறவுகளை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். கல்லடி, கல்முனை, திருக்கோவில் என்று எந்த ஊர்ப் பெயரையும் வினாவில் சேர்க்க வேண்டாம். வேறு வினா வேண்டும் என்று கேட்பவருக்குக் காரணம் கேளாமல் வேறொன்றைக் கொடுங்கள். இசையின் சுருதி விகிதங்கள் பற்றிய ஒன்று பொருத்தமாக இருக்கும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் ஈடுபட்டு ஆராய்ந்த துறை அது. 3/2 என்ற விகிதத்தை எத்தனை முறை பெருக்கினாலும் 2-இன் அடுக்கு ஒன்று கிடைக்காது என்று நிறுவுக. பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75, ஏழு ஸ்தாயிக்கு, அதாவது 2-ஐ ஏழு முறை பெருக்கினால், 128. இந்தச் சிறு வேறுபாட்டை எண்ணிலும் நிறுவலிலும் காண்பது மாணவருக்கு நல்ல பயிற்சி.

படி 8: விருப்பமுள்ளோருக்கு லீன்

இது எல்லோருக்கும் வேண்டியதில்லை. கணிதத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் சிலருக்கு, இயற்கை எண்களின் கூட்டலை அடிப்படை எடுகோள்களிலிருந்து கட்டியெழுப்பும் இலவச இணைய விளையாட்டொன்று லீனில் உண்டு. நிறுவாத ஓர் அடியையும் ஏற்காத வாசகரிடம் ஒருமுறை எழுதிப் பார்த்தவர், மொழி மாதிரியின் ‘இது தெளிவு’ என்ற வரியைப் பிறகு எளிதில் விழுங்கமாட்டார்.

படி 9: வினாத்தாள், புள்ளியிடல், அந்தரங்கம்

புதிய பயிற்சி வினாக்களை இயந்திரத்திடம் கேட்டுப் பெறலாம். ஆனால் நீங்கள் தாளில் செய்து பார்க்காத ஒரு வினாவும் மாணவரிடம் போகக் கூடாது. ஆயிடை மூடியதா, தாயம் நேர்மாறுடையதா, தொடை வெறுமையற்றதா போன்ற நிபந்தனைகள் விடுபட்டிருக்கும். ஐகன் பெறுமானங்கள் முழுவெண்களாக அமையும் தாயம் ஒன்று வேண்டுமென்றால் அதனிடம் நேரடியாகக் கேட்பதைவிட, மூலைவிட்டத் தாயத்திலிருந்து பின்னோக்கிக் கட்டும் பைதான் நிரல் ஒன்றை எழுதித் தரச் சொல்லுங்கள். அப்போது விடை சரியென்பதற்கு உத்தரவாதம் கணிப்பிலேயே இருக்கிறது.

மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தைப் பயன்படுத்துவோர் ஸ்டாக் என்ற வினா வகையை அவசியம் பார்க்க வேண்டும். மாக்சிமாவை அடியில் வைத்து இயங்கும் அது, ஒவ்வொரு மாணவருக்கும் வேறு எண்களைக் கொடுத்து, விடையை எவ்வடிவில் எழுதினாலும் அட்சரகணித ரீதியில் சமமா என்று சரிபார்க்கிறது. கணிப்பு வினாக்களைத் திருத்தும் பாரம் அங்கே இறங்கினால், நிறுவல்களை நீங்களே வாசிக்க நேரம் கிடைக்கும்.

மாணவரின் பெயர், சுட்டிலக்கம், புள்ளி, கையெழுத்து விடைத்தாள் எதையும் வெளியார் தளமொன்றில் பதிவேற்ற வேண்டாம். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் உண்டு. அது இல்லாவிட்டாலும் அந்த நம்பிக்கையைக் காப்பது ஆசிரியரின் கடமை.

படி 10: பலகை முன் ஐந்து நிமிடம்

ஒப்படைகளில் இரண்டையாவது வாய்மொழியுடன் இணையுங்கள். மாணவர் தாம் எழுதித் தந்த நிறுவலோடு வருவார். நீங்கள் ஒரு நிபந்தனையை நீக்கிவிட்டு, ‘இப்போது எந்த வரி உடைகிறது?’ என்று கேட்பீர்கள். யார் உதவியால் எழுதியிருந்தாலும், தமதாக்கிக்கொண்டவர் பதில் சொல்வார். தமிழில் பதில் சொல்ல அனுமதியுங்கள். இங்கே நாம் அளப்பது கணிதத்தை. வகுப்பு பெரிதாக இருந்தால் உதவி விரிவுரையாளர்களிடையே பகிர்ந்து, எல்லோரும் ஒரே கேள்விப் பட்டியலைப் பயன்படுத்துங்கள். ஒருவருக்கு இலகுவும் இன்னொருவருக்குக் கடினமுமாக அமைந்துவிடக் கூடாது.

செமஸ்டர் முடிந்ததும், 6-ஆம் படியில் பயன்படுத்திய பிழையான நிறுவல்களை ஒரு கோவையில் சேருங்கள். ஒவ்வொன்றிலும் மாதிரியின் பெயர், திகதி, கேட்ட கேள்வி, மாணவர் அதிகம் தடுமாறிய வரி ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். இந்த மாதிரிகள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகின்றன. இவ்வருடம் பிழைத்த வினாவுக்கு அடுத்த வருடம் சரியான விடை வரலாம். அதனால் 2-ஆம் படியை ஒவ்வொரு புதிய தொகுதி மாணவர்களுக்கும் மீண்டும் செய்ய வேண்டும். வந்தாறுமூலையும் சம்மாந்துறையும் ஒரே மாதிரியான மாணவர்களுக்கு ஒரே பாடங்களைக் கற்பிக்கின்றன. அந்தக் கோவையும் 4-ஆம் படியின் சொற்பட்டியலும் இரு பீடங்களுக்கும் பொதுவாக இருக்கலாம். சொற்பட்டியலிலிருந்தே தொடங்கினால் ஒரு மாதத்தில் கையில் இருக்கும்.